'ழ்ப்பள்ளியே நமது தே!'



தலைப்பைக் கண்டு திகைக்க வேண்டா. இஃது அச்சுப்பிழை அன்று. என் தட்டச்சுப் பிழையும் அன்று. "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று நாடெங்கும் நாம் முழங்குகின்றோமே, அந்த முழக்கவரிதான் எங்கள் பள்ளியின் படவரிப் பக்கத்தில் (ஆம், இன்ஸ்டாகிராமைத்தான் சொல்கின்றேன்) பல மாதங்கள் இந்தக் கோலத்தில் காட்சியளித்தது.

மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது. ழகரம் எவ்வடிவிலும் மொழிக்கு முதலில் வாராது. இவற்றை மாணவர்களுக்கு நாள்தோறும் கற்பிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி, தன் பெயரைத் தானே 'ழ்ப்பள்ளி' என்று விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தது. கடைசியில் நின்ற 'நமது தே' என்பதைக் கண்டு, இது யாரோ பசியாறல் கடை திறந்திருக்கின்றார்கள் போலும் என்று எவரேனும் எண்ணியிருந்தால், பிழை அவருடையது அன்று, நம்முடையது.

எப்படி நேர்ந்தது இந்தக் கொடுமை? மாயம் ஒன்றும் இல்லை, வெறும் கணக்கு. நாங்கள் செய்த படம் சதுரம். 1080-க்கு 1080 படப்புள்ளி, அதாவது பிக்சல். முழக்கவரியை ஓர் ஓரம் முதல் மறு ஓரம் வரை பெரிதாக இழுத்து எழுதியிருந்தோம். படவரியோ 2025 சனவரியில் தன் பக்கத்தின் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3-க்கு 4 என்னும் நெட்டை வடிவத்திற்கு மாற்றியது. 1080 உயரமுள்ள படத்தை அந்தக் கட்டத்தில் அடைத்தால் 810 அகலமே தெரியும். இடப்பக்கம் 135, வலப்பக்கம் 135, ஆக மொத்தம் காற்பங்கு மறைந்துவிடும். முழக்கவரியில் எழுத்துகள் 14, இடைவெளிகள் 2. ஒவ்வொரு பக்கமும் எட்டில் ஒரு பங்கு என்றால் இரண்டிரண்டு எழுத்துகள். 'த'வும் 'மி'யும் அந்தப் பக்கம் போயின. 'ர்' என்பதும் 'வு' என்பதும் இந்தப் பக்கம் போயின. தமிழ்ப்பள்ளியிலிருந்து 'தமி'யை நீக்கிய பெருமை ஓர் அளவுகோலுக்கு வாய்த்தது!

"படத்தைத் தட்டித் திறந்தால் முழுமையாகத் தெரியுமே" என்பீர்கள். தெரியும்தான். ஆனால் யார் திறப்பார்? கடையின் பெயர்ப்பலகை அரைகுறையாக இருந்தால், உள்ளே போய்க் கடையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாடிக்கையாளரை நீங்கள் பார்த்ததுண்டா?

என் குற்றத்தை நானே சொல்லிவிடுகின்றேன்

பிறரைச் சாடுவதற்கு முன் நான் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன், முதலாம் ஆண்டு மாணவர் பதிவுக்காக எங்கள் பள்ளி வாயிலில் தொங்கவிட ஒரு பதாகை அடித்தோம். 2 அடி அகலம், 5 அடி உயரம். உச்சியில் பள்ளியின் பெயரும் சின்னமும். நடுவில் நம் வட்டாரப் பிரமுகர் ஒருவரின் கைகூப்பிய படம். அடியில் பதிவு நாளும் தொலைபேசி எண்ணும். வாயிலில் அது கம்பீரமாகத்தான் இருந்தது.

அச்சகத்தார் அனுப்பிய அதே கோப்பை அப்படியே படவரியில் ஏற்றினோம். 'ஏற்றினோம்' என்று பன்மையில் ஒளிவானேன்? ஏற்றியவன் நான்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் தந்த 50 ரிங்கிட்டைச் செலுத்தி அதனை விளம்பரமாகவும் ஆக்கினேன். பெருமிதத்தோடு உறங்கப் போனேன்.

இப்போது கணக்குப் போடுங்கள். 2-க்கு 5 என்னும் படம், 1080 அகலத்தில் 2700 உயரம் கொள்ளும். 4-க்கு 5 என்னும் சட்டகமோ 1350 உயரத்தையே ஏற்கும். சரிபாதி போயிற்று! நடுவை வைத்துக்கொண்டு மேலே 675, கீழே 675 என வெட்டுண்டது. மேலே இருந்தது என்ன? பள்ளியின் பெயர். கீழே இருந்தது என்ன? பதிவு நாளும் தொலைபேசி எண்ணும். எஞ்சியவர் யார்? கைகூப்பிய பிரமுகர்!

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் வட்டார மளிகைக்கடையில் ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய மகன் அவ்வாண்டு தேசியப் பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருந்தான். வருத்தத்தை மறைத்துக்கொண்டு, "எங்கள் பள்ளியின் அறிவிப்பைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் சார். என் தங்கச்சிதான் அனுப்பிச்சிச்சு. எந்த ஸ்கூலுன்னே தெரியல. நம்பரும் இல்ல. ஒய்.பி. மூஞ்சி மட்டும்தான் தெளிவா இருந்துச்சு. ஏதோ தேர்தலுக்குப் போட்டதுன்னு நெனச்சேன்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்தப் பிள்ளை வேறு பள்ளிக்குப் போனதற்கு அந்தப் படம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அருகில் பள்ளி, மூத்த பிள்ளை அங்கே படிக்கின்றான், போக்குவரத்து வசதி என ஆயிரம் காரணங்கள் பெற்றோருக்கு உண்டு. ஆனால் அந்த எண் தெரிந்திருந்தால் அவர் ஒருமுறை அழைத்திருக்கக்கூடும். அழைத்திருந்தால் நாங்கள் ஒருமுறை பேசியிருக்கக்கூடும். அந்த வாய்ப்பை எங்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. நானே வெட்டி எறிந்தேன்.

மலேசியாவில் 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளி, 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்தப்படுகிறது. 500-க்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளுள் மிகப் பல அவ்வகையின. அத்தகைய பள்ளிக்கு ஒரு பிள்ளை என்பது வெறும் எண் அன்று. ஒரு நாற்காலி, ஒரு குடும்பம், அடுத்தடுத்து வரக்கூடிய தம்பி தங்கையர். 1816-இல் பினாங்கில் தொடங்கிய இந்நாட்டுத் தமிழ்க்கல்விக்கு 2016-இல் 200-ஆம் ஆண்டு விழா எடுத்தோம். அந்த மரபின் அழைப்பிதழைத்தான் அளவு தெரியாமல் அரையும் குறையுமாக வெட்டிக்கொண்டிருக்கின்றோம்.

சொல்லப்படும் சாக்குப்போக்குகள்

இதைப் பற்றிப் பேசத் தொடங்கியதிலிருந்து நான் கேட்டுவரும் மறுப்புகள் மூன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'உள்ளடக்கம்தான் முக்கியம், சட்டகம் முக்கியமன்று' என்பது முதலாவது. இதனை ஒரு தமிழர் சொல்வதுதான் வியப்பு. குறள் என்பது யாது? இரண்டு அடி, ஏழு சீர். வள்ளுவர் தம் கருத்துப் பெரிது என்பதற்காக எட்டாவது சீரைச் சேர்க்கவில்லை. சட்டகத்தை முதலில் ஏற்றார். பிறகு அதற்குள் கருத்தை நிறுத்தினார். வெண்பாவுக்குத் தளை தட்டினால் மாணவனின் தாளில் சிவப்பு மையால் வட்டமிடும் நாம், படத்தின் அளவு தட்டினால் மட்டும் 'பரவாயில்லை' என்கின்றோம். யாப்பு அறிந்த இனத்திற்கு அளவைப் பற்றி அயலான் வந்து பாடம் எடுக்கவேண்டுமா?

'பார்ப்பவர் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வார்' என்பது இரண்டாவது. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைப்பேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர். ஆக, தாளில் 12 புள்ளி அளவில் எழுதியது திரையில் 4 புள்ளி அளவாகச் சுருங்குகிறது. மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளிலும் அதனினும் பெரிய எழுத்து இருக்கும். இதற்கு மேல் ஒன்று உண்டு. பெரிதாக்கினால் தெளிவதற்கு அந்தப் படத்தில் புள்ளிகள் மிஞ்சியிருக்க வேண்டும். புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், படமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. அதனைத் திரைப்பிடிப்பாக எடுத்து இன்னொருவர் இன்னொரு குழுவுக்கு அனுப்ப, மறுபடியும் சுருங்குகிறது. நான்காம் குழுவைச் சேரும்போது பெரிதாக்கினால் கிடைப்பது பெரிய மங்கல்தான்.

இதில் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே இழப்பு மிகுதி. நம் எழுத்தில் பொருளே புள்ளியில் நிற்கின்றது. மெய்யின் தலைப்புள்ளி மங்கினால் 'பள்ளி' என்பது 'பளளி' ஆகும். சுழி மங்கினால் குறில் எது, நெடில் எது என்று தெரியாது. 'கல்வி' என்னும் சொல்லில் புள்ளி மறைந்தால் என்னவாகும் என்பதை ஓர் ஆசிரியன் இங்கே எழுத நாணுகின்றேன். நீங்களே எழுதிப் பாருங்கள். அதன் பிறகும் 'பெரிதாக்கிப் பார்ப்பார்கள்' என்று சொல்லத் துணிவு வருகிறதா என்று பார்ப்போம்.

'இது கணினி தெரிந்தவர் வேலை. தமிழாசிரியர் வேலையன்று' என்பது மூன்றாவது. கரும்பலகையில் எழுதும்போது கடைசி வரிசைப் பிள்ளைக்குத் தெரியுமா என்று திரும்பிப் பார்க்காத ஆசிரியர் உண்டா? சொல் முடியுமுன் பலகை முடிந்துவிடாதபடி அளந்து எழுதாத ஆசிரியர் உண்டா? அந்தத் திறமைதான் இதுவும். பலகை மாறியிருக்கிறது, அவ்வளவே. இதற்குப் பட்டயம் வேண்டா. பெருக்கலும் வகுத்தலும் போதும். அவற்றை நம் பிள்ளைகளே அழகாகச் செய்வார்கள்.

அப்படியானால் எந்த அளவு?

குறை கூறிவிட்டு வழி கூறாமல் போவது முறையன்று. நான் பட்டு அறிந்தவற்றைக் கீழே தருகின்றேன்.

1. படவரி, முகநூல் ஆகியவற்றின் பொதுப் பதிவுக்கு 1080 அகலம், 1350 உயரம். அதாவது 4-க்கு 5. கைப்பேசித் திரையில் சதுரத்தைவிட இது கூடுதல் இடத்தைப் பிடிக்கும். ஆயினும் பக்கத்துக் கட்டம் 3-க்கு 4 என்பதால், பக்கவாட்டில் சிறிது ஓரம் அங்கும் மறையும். எனவே எழுத்தை ஓரத்திலிருந்து நன்றாக உள்தள்ளி எழுதுங்கள்.

2. ஒரு நாள் மட்டும் நிற்கும் 'ஸ்டோரி'க்கும் புலனத்தின் நிலைப்பதிவுக்கும் 1080 அகலம், 1920 உயரம், 9-க்கு 16. ஸ்டோரி விளம்பரமெனில் மேலே ஏறத்தாழ 14 விழுக்காடும், கீழே 20 விழுக்காடும் எழுத்தின்றி விடவேண்டும். கணக்கின் பெயர், பொத்தான் ஆகியவை அங்கே வந்து அமர்ந்துகொள்ளும். 'ரீல்ஸ்' எனில் கீழே இன்னும் கூடுதலாக விட வேண்டும். நாம் தொலைபேசி எண்ணை எங்கே எழுதுகின்றோம்? மிகச் சரியாக அந்தப் பொத்தானுக்கு அடியில்!

3. பள்ளியின் இணையப்பக்க இணைப்பை முகநூலில் பகிரும்போது தோன்றும் படத்திற்கு 1200 அகலம், 630 உயரம். அது கிடைமட்டச் சட்டகம். நெட்டைப் பதாகையை அதில் நுழைத்தால் பிரமுகரின் மூக்கு மட்டும் தெரியும்.

4. வலையொளி, அதாவது யூடியூப் காணொலியின் முகப்புப் படத்திற்கு 1280 அகலம், 720 உயரம். வலக் கீழ்மூலையில் காணொலியின் நேர அளவு வந்து நிற்கும். அங்கே எதனையும் எழுத வேண்டா.

5. பள்ளிச் சின்னம் முகப்புப் படமாகும்போது வட்டமாக வெட்டப்படும். சதுரத்தின் நான்கு மூலைகளிலும் எதுவும் இருத்தல் ஆகாது.

6. புலனத்தில் அனுப்பும்போது, 2023 முதல் உள்ள 'எச்.டி.' தெரிவைப் பயன்படுத்துங்கள். அச்சகத்திற்கு அனுப்பும் கோப்பாயின் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். மூலக்கோப்பு சுருங்காமல் சென்று சேரும்.

7. எழுத்து மிகுந்த படத்தைப் பி.என்.ஜி. வடிவில் சேமியுங்கள். ஜே.பி.ஜி. வடிவம் நிழற்படத்திற்கு ஏற்றது. எழுத்தின் விளிம்பில் அது அழுக்கைப் படியவிடும்.

காசு கொடுத்து விளம்பரம் செய்வோர்க்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. இடங்களைத் தாமாகத் தேர்ந்துகொள்ளுமாறு விட்டுவிட்டால், ஒரே படம் பதிவோடையிலும் ஸ்டோரியிலும் பிற இடங்களிலும் வெவ்வேறு வடிவில் காட்டப்படும். ஒவ்வோர் இடத்திற்கும் தனித்தனிப் படம் ஏற்றும் வசதி அங்கேயே இருக்கிறது. குறைந்தது நெட்டையொன்று, 4-க்கு 5 ஒன்று, சதுரமொன்று என மூன்று படங்களாவது செய்துகொள்ளுங்கள். 50 ரிங்கிட் சிறு தொகையாகத் தோன்றலாம். அது பெற்றோர் ஒருவரின் ஒரு நாள் உழைப்பு.

இந்த எண்கள் நிலையானவை அல்ல. 2010-இல் படவரி தோன்றியபோது சதுரம் ஒன்றே வழக்கம். 2015-இல் பிற வடிவங்களுக்கும் வழிவிட்டது. 2025-இல் கட்டங்கள் மாறின. ஆகவே ஆண்டுதோறும் பதிவுக் காலத்திற்கு முன் ஒருமுறை அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் மாறினால் மட்டும் பாடநூலை மாற்றிக்கொள்கின்றோம் அல்லவா?

உண்மையான நோய்

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். பொறுத்தருள்க.

நம் விளம்பரங்கள் வெட்டுப்படுவதற்கு அளவு தெரியாமை பாதிக் காரணம்தான். மறுபாதி, எதையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமை. உச்சியில் ஆறேழு சின்னங்கள். ஒன்றை நீக்கினால் ஒரு சங்கம் கோபித்துக்கொள்ளும். நடுவில் நான்கு முகங்கள். ஒன்று சிறியதாக இருந்தால் ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். இடையில் திருக்குறள், முழக்கவரி, தேர்ச்சிப் பட்டியல், வாழ்த்துரை. இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய விரலளவு இடத்தில் பெற்றோருக்குத் தேவையான செய்தி! முகநூலில் முன்பு விளம்பரப் படத்தில் 20 விழுக்காட்டிற்கு மேல் எழுத்திருந்தால் அதன் வீச்சு குறைக்கப்படும் என்றொரு கட்டுப்பாடு இருந்தது. 2020-இல் அதை நீக்கிவிட்டனர். நீக்கியது விதியைத்தான், மனிதக் கண்ணின் வரம்பை அன்று.

எங்கள் பதாகையை எண்ணிப் பாருங்கள். வெட்டு நடுவைக் காத்தது, ஓரங்களை எறிந்தது. நாம் எதை நடுவில் வைத்தோமோ அது பிழைத்தது. அந்த இயந்திரத்திற்கு வஞ்சகம் தெரியாது. நம் மனத்தில் நடுவிடம் யாருக்கு என்பதைத்தான் அது நமக்கே காட்டியது. நடுவில் நாம் பிள்ளையை வைக்கவில்லை, பள்ளியை வைக்கவில்லை, பிரமுகரை வைத்தோம். பிரமுகர்கள் மீது எனக்குச் சினமில்லை. பலர் நம் பள்ளிகளுக்கு உதவியவர்களே. அவர்களுக்கு நன்றி சொல்ல மேடை உண்டு, மாலை உண்டு, ஆண்டு மலர் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையின் பெற்றோரை அழைக்கும் படத்தில் அவருக்கு என்ன வேலை?

ஒரு தாய்க்கு அந்தப் படத்தில் தேவையானவை நான்கு: எந்தப் பள்ளி, எங்கே இருக்கிறது, எப்போது பதிய வேண்டும், யாரை அழைப்பது. இந்த நான்கும் நடுவில் நிற்கட்டும். பிற யாவும் ஓரத்திற்குப் போகட்டும், வெட்டுப்பட்டால் வெட்டுப்படட்டும்.

ஒரு வேண்டுகோள்

தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, ஒரு காரிக்கிழமைக் காலை மூன்று மணி நேரம் போதும். பள்ளியின் படங்களைச் செய்யும் ஆசிரியரையும், கணினி ஆர்வமுள்ள இரண்டு பெற்றோரையும் அமர்த்தி, மேற்சொன்ன அளவுகளில் வெற்றுச் சட்டகங்களைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் அறிவிப்பையும் அதற்குள் எழுதினால் போதும்.

வெளியிடுவதற்கு முன் ஒரு சிறு தேர்வு. படத்தை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்து, கண்ணாடி அணியும் ஓர் அம்மாவிடம் கண்ணாடியின்றிப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளியின் பெயரையும் எண்ணையும் அவர் படித்துவிட்டால் வெளியிடுங்கள். படிக்க இயலாவிட்டால் குறை அவர் கண்ணில் இல்லை.

எங்கள் பள்ளியில் சென்ற பதிவுக் காலத்திற்கு இப்படித்தான் செய்தோம். 4-க்கு 5 சட்டகம். நடுவில் பள்ளியின் பெயர். அதன் கீழே எண். சின்னம் ஒன்றே ஒன்று. எங்களைக் கோபித்துக்கொண்டவர்கள் சிலர் உண்டு. வகுப்பு நிரம்பி வழிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. "உங்க போஸ்ட்டர்ல நம்பர் பாத்தேன்" என்று ஒரு தாய் சொன்னதை அலுவலகப் பணியாளர் என்னிடம் வந்து சொன்னபோது, மளிகைக்கடையில் கேட்ட அந்தச் சிரிப்பு என் காதில் சற்றுத் தணிந்தது.

தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு. அதை பத்து எழுத்தாக அன்றி, பதினான்கு எழுத்தும் முழுதாகத் தெரியும்படி எழுதுவோம்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியன்